ஜாடியில் அமுங்காத பழம்

துடுப்பு ஜாடியின் அடியில் போய்த் தட்டினால் ஒரு சத்தம். மேலே மிதக்கும் சக்கையில் முட்டி நின்றுவிட்டால் வேறொரு சத்தம். சவரிநாதனுக்கு இரண்டும் அத்துப்படி. கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, கண்ணைக்கூடத் திறக்காமல், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது கேட்டது அடியில் தட்டிய சத்தம். அப்படியென்றால் பழம் முழுசாக அமுங்கிவிட்டது. அமுக்குகிறவன் கை தேறிவிட்டது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. பிளம்ஸ் நுரைத்து, சக்கையெல்லாம் மேலே எழும்பி அடைபோல இறுகி நிற்கும்போது அதை நடுவில் குத்தக் கூடாது. ஓரத்தில் துடுப்பை நுழைத்து, சாய்த்து, உள்ளே தள்ள வேண்டும். அது தெரியாமல் குத்திக் குத்தித் திணறிய சத்தத்தைக் கேட்டு இவர் படுத்த இடத்திலேயே சிரித்திருக்கிறார். காலமெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்தவனாம் பெர்க்மான்ஸ், நாலு பழத்தை அமுக்கத் தெரியவில்லையே என்று. அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்தார். ஒரு காலை வேளை துடுப்பு திக்காமல் தடுக்காமல் இறங்கி, டொக்கென்று அடியைத் தொட்டது. தொட்டதும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெர்க்மான்ஸுடையது இல்லை. அவள் சிரித்தாள். அமலோற்பவம், இவர் கட்டிய பெண்டாட்டி. பழம் அமுங்கினால் இவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

இன்று வடிகட்டும் நாள். குன்னூரில் மே மாசம் பழுக்கிற பிளம்ஸை அப்போதே சர்க்கரை போட்டு ஊறவைத்து, தினம் காலையும் மாலையும் சக்கையை அமுக்கிவிட்டு, நுரை அடங்கினதும் சக்கையை எடுத்துத் தெளியவிட்டால் கிறிஸ்துமஸுக்குத் தொண்டையில் இறங்கப் பதமாக இருக்கும். சவரிநாதன் வீட்டு வைன் என்றால் பங்குக் கோயில் வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. நள்ளிரவுப் பூசை முடிந்து வருகிறவர்கள் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்த காலத்திலேயே அந்தப் பேர் வந்துவிட்டது. பெட்டியின் முன்மேடையில் நின்று, எஞ்சின் ஊதுகிற ஊதலுக்குத் தகுந்த மாதிரி பிரேக் சக்கரத்தைச் சுற்றுகிற வேலை. காதுதான் முதல். காது தப்பினால் மலையில் எல்லாம் தப்பும். ரிடையர் ஆகியும் அந்தக் காது இன்னும் ரிடையர் ஆகவில்லை, அதுதான் இப்போது பிடித்த சனியன். தவக்காலத்தில் பின்வாசல் படியில் பாசி வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இரண்டாகி, கோயமுத்தூரில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். பழம் பழுக்கிற நேரத்தில் இவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். ஜாடியை அதுவரை வேறு யாரும் தொட்டதில்லை. முக்கியமாக அமலோற்பவம் தொட்டதில்லை. பொம்பளை கை பட்டால் திரிந்துவிடும் என்று இவருடைய அப்பா சொல்லிவைத்திருந்தார். அதை நம்பினாரா என்று கேட்டால் இவருக்கே தெரியாது, ஆனால் கல்யாணமான வருஷமே அவளிடம் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் சொன்னார், படுத்துக்கொண்டே. "நீ கை வைக்காத. கீழ் வீட்டு பெர்க்மான்ஸக் கூப்பிடு. அவனுக்குப் பொங்கறது புளிக்கறது எல்லாம் தெரியும். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வந்து அமுக்கிட்டுப் போகச் சொல்லு." ஆக, அவனைக் கூப்பிட்டதும் இவர்தான். கதவைத் திறந்துவிட்டதும் இவர்தான். இதை நினைக்கும்போது தொடையில் கம்பி வைத்த இடம் சுரீரென்றது. வலிக்கு எப்படித்தான் தெரிகிறதோ, எந்த நேரத்தில் எழும்ப வேண்டும் என்று.

சமையலறையில் ஸ்டூல் இழுபட்டது. அது அவன் உட்காருகிற ஸ்டூல். வந்ததும் ஸ்டூல், அப்புறம் டீ டம்ளர், அப்புறம் பேச்சு. மனைவி செத்து வருஷங்கள் ஆன ஆள். கீழ் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வேட்டியில் ஒரு கறை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பூசைக்குப் போய்க்கொண்டு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மனுஷன். குறை இல்லாதவனைப் போல எரிச்சல் மூட்டுகிறவன் உலகத்தில் உண்டா? முன்பெல்லாம் படியில் பார்த்தால் "அண்ணே சுகமா, அண்ணி சுகமா" என்பான். இப்போது அண்ணி போயிற்று. "அமலோற்பவம், கொஞ்சம் சுடுதண்ணி." முழுப் பேரும், ஒரு எழுத்து விடாமல். கட்டிய புருஷன், இவரே அந்தப் பேரை வாய் நிறையச் சொன்னதில்லை. ஏய், இந்தா, உன்னைத்தான், அவ்வளவுதான். அவளிடம் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னாள், "நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒரே வருசம் பிஷப் கையால உறுதிபூசுதல் வாங்கினவங்களாம்ங்க. பேசிட்டிருக்கறப்பத்தான் தெரிஞ்சுது. பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னுட்டேன்." பேசிட்டிருக்கறப்ப. எவ்வளவு நேரம் பேசினால் உறுதிபூசுதல் வரைக்கும் போகும்? இவர் எத்தனை வருஷமாக அவளோடு வாழ்கிறார், அவள் எந்த வருஷம் உறுதிபூசுதல் வாங்கினாள் என்று இவருக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது அதில். ஆனால் அவனுக்குத் தெரியும். அவளோ அவனைப் பெர்க்மான்ஸண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சரி, அதுவாவது இருக்கிறதே என்று இருந்தார். சற்று முன்னால், "பாத்து பாத்து, சட்டைல பட்டா போகாது" என்றாள். அண்ணே இல்லை. இவர் காத்திருந்தார், வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று. வரவில்லை. ஒருவேளை மெதுவாகச் சொல்லியிருப்பாள், மழைச் சத்தத்தில் விழாமல் போயிருக்கும். தகரத்தில் தூறல் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டை என்ற சொல் விழுந்ததே, போகாது என்ற சொல் விழுந்ததே. அண்ணே மட்டும் எப்படி மழையில் கரையும்?

இதெல்லாம் சில்லறை என்று தள்ளிவிடலாம். தள்ளவும் செய்வார், பகலில் பாதி நேரம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத் தள்ள முடியவில்லை. சில நாளைக்கு முன்னால், சாயங்காலம், ஜெபமாலை சொல்லிக்கொண்டே கண் செருகிய நேரம். சமையலறையில் அவன் குரல், "மெதுவா, மெதுவா, அவசரமில்ல, ஆங், அப்பிடித்தான்." பிறகு அவள் சிரிக்கப் போய், அதை அடக்கி, குசுகுசுவென்று சொன்னாள், "அய்யோ, அவருக்குக் கேட்டுரப் போகுது." கேட்டுவிட்டது. மலையில் எத்தனையோ வளைவுக்கு அப்பாலிருந்து வருகிற ஊதலைப் பிடித்த காதுக்குப் பலகைச் சுவர் ஒரு தடையா? அருள் நிறைந்த மரியாயே என்று ஆரம்பித்த ஜெபம் அங்கேயே நின்றுபோயிற்று. எதை இவருக்குக் கேட்கக் கூடாது? நல்ல காரியம் என்றால் கேட்டால்தான் என்ன? அன்றிலிருந்து அந்த வாக்கியம் உள்ளே கிடந்து பொங்குகிறது. காலையில் தள்ளினால் சாயங்காலம் மேலே வந்து நிற்கிறது, சாயங்காலம் தள்ளினால் விடிவதற்குள் மேலே வந்துவிடுகிறது. நேரடியாகக் கேட்டுவிடலாம். "என்ன எனக்குக் கேட்டுரப் போகுதுன்னு பயந்த?" ஒரு வரி. வாயெடுத்தார் ஒருமுறை. அவள் அப்போது இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்பேனை எடுத்து வைத்துவிட்டு வந்த கை. மூத்திரத்துக்குக்கூட அவள் கையை எதிர்பார்த்துக் கிடக்கிற ஒருவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்பான்? கோபித்துக்கொண்டு அவள் போய்விட்டால் பாதி துடைத்த முதுகோடு கிடக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. அவள் கை அந்த நேரம் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அதில் பிளம்ஸ் வாசனை இருந்தது. சோப்பையும் மீறி, நுரைத்த பழத்தின் வாசனை. நகக்கண்ணில் கருஞ்சிவப்பு. பழத்தைத் தொட்டவன் அவன், வாசனை இவள் கையில் எப்படி வந்தது? பாத்திரம் கழுவியிருப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. கையைப் பிடித்திருப்பான் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம்தான் எப்போதும் உரக்கப் பேசும்.

அது இன்று நேற்று முளைத்த மனம் இல்லை. கல்யாணமான புதிதில் அவளை மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயிலில் அழைத்துப் போனார். தாம் வேலை பார்க்கிற அழகை அவள் பார்க்கட்டும் என்று ஆசை. ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது ரயில் கார்டு ஒருவன், மீசையும் சிரிப்புமாக, அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றா சொல்வாள், ஒரு பழத்தை? அன்றைக்கு இறக்கம் முழுக்க இவர் பிரேக்கைத் தேவைக்கு மேல் இறுக்கி இறுக்கி விட்டார், பெட்டி உலுக்கி உலுக்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து அந்தப் பழத்தை அவள் உரித்தபோது, எனக்கு வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கோயில் பாடற்குழு. அவளுக்கு நல்ல குரல். ஆர்மோனியம் வாசிக்கிறவர் அவளைத் தனியாகப் பாடச் சொல்லி, பாடி முடித்ததும் கண்ணை மூடித் தலையாட்டினார். கண்ணைத் திறந்துகொண்டு தலையாட்டியிருந்தால் பரவாயில்லை, மூடிக்கொண்டு ஆட்டினார். அடுத்த வாரம் இவர் சாயங்காலச் சாப்பாட்டை வெகு சீக்கிரமாகக் கேட்க ஆரம்பித்தார். பயிற்சி நேரத்தில் சாப்பாடு. அவள் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுவிட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. போகாதே என்று இவர் சொல்லவே இல்லையே. பசித்தது, கேட்டார். ஒரு மனுஷனுக்குச் சீக்கிரம் பசிக்கக் கூடாதா? இப்போது மகள் ஓசூரில் இருக்கிறாள், வீட்டில் இரண்டே பேர். அவள் சமையலறையில் முணுமுணுவென்று பாடுவதைக் கொஞ்ச நாளாகக் கேட்கிறார். ஜாடி ஊறப்போட்ட பிறகுதான். எத்தனையோ வருஷமாகப் பாடாதவள், இன்னொருவன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பாடுகிறாள். தாளத்துக்குத் துடுப்பு.

கீழே ஸ்டேஷனில் ரயில் ஊதியது. ஊட்டிக்குப் போகிற வண்டி. இவர் விரல்கள் போர்வைக்கு மேலே தாமாகவே வளைந்தன, பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிற மாதிரி. சீ என்று விரித்துக்கொண்டார். இவர் இல்லாமலே வண்டி மேலேறிக்கொண்டிருக்கிறது. இவர் இல்லாமலே பழம் நுரைத்து அடங்கிவிட்டது. இவர் இல்லாமல் எது நிற்கப் போகிறது? செத்துப்போனால் இந்தக் கட்டிலைக் கொஞ்ச நாள் மடக்கி வைப்பார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்கு இதே வைனை ஊற்றுவார்கள். பெர்க்மான்ஸ் ஓடி ஓடி டம்ளர் நீட்டுவான். பாவம், தங்கமான மனுஷன், அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசை என்று பேசிக்கொள்வார்கள். பிறகு ஸ்டூல் நாற்காலி ஆகும். இவருடைய நாற்காலி, ஜன்னலோரம், கைப்பிடியில் எண்ணெய்க் கறை ஏறிய நாற்காலி. அதில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை இவர் துல்லியமாகப் பார்த்தார், அவன் வெள்ளை வேட்டியைக்கூட. தண்ணீர் வேண்டும் என்று கூப்பிட வாய் திறந்தார். அப்போதுதான் கவனித்தார், சமையலறையில் சத்தம் இல்லை. துடுப்பு இல்லை, ஸ்டூல் இல்லை, பேச்சு இல்லை. சத்தம் இருந்தால் என்ன என்று தெரியும். சத்தம் இல்லாவிட்டால் எதுவாகவும் இருக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தகரத்தில் தூறல். எங்கோ ஒரு சேவல். அப்புறம், வெகு நேரம் கழித்து, அல்லது இவருக்கு அப்படித் தோன்றியது, துணியின் வழியாகப் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம். முதலில் சொட்டு, பிறகு இழை. வடிகட்டுகிறார்கள். அவ்வளவுதான். இருவரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றைப் பார்ப்பது, அது பேசிச் சிரிப்பதைவிட மோசம் என்று இவருக்குப் பட்டது. தாமும் அவளும் அப்படி எதையாவது நின்று பார்த்திருக்கிறோமா என்று தேடிப் பார்த்தார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில், தொட்டில் பக்கத்தில். அதற்கப்புறம் ஞாபகம் வரவில்லை.

அமலோற்பவம் கையில் கண்ணாடி டம்ளரோடு வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், நெற்றியில் வேர்வை, அந்த ஜூன் மாசக் குளிரிலும். முகத்தில் ஒரு மாதிரியான வெளிச்சம். பரீட்சை பேப்பரை நீட்டுகிற பிள்ளையின் முகம் என்று பிறகு நினைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அது அவருக்கு வேறாகத்தான் தெரிந்தது. தலையணையை உயர்த்தி வைத்து, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தாள். "இப்பத்தான் வடிச்சது. இன்னும் தெளியலை. வாயில விட்டுப் பாத்துச் சொல்லுங்க." ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இளம் வைன், கலங்கல்தான், ஆனால் கலங்கலுக்குள் ஒரு சிவப்பு நின்று எரிந்தது. முகர்ந்தார். குறை சொல்ல மூக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வாயில் விட்டார். முதலில் நாக்கு நுனியில் பொடிப்பொடியாகக் குத்தியது, நுரை முழுசாக அடங்காத குறுகுறுப்பு. அடுத்து இனிப்பு, அதைத் துரத்திக்கொண்டு தோலின் புளிப்பு இரண்டு ஓரத்திலும். விழுங்கினார். நெஞ்சில் சூடு ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கிற்று. முடிந்ததும் வாய் சுத்தமாக இருந்தது. இன்னொரு வாய் கேட்டது நாக்கு. அப்பா போட்டது, தாம் போட்டது, அக்கம்பக்கத்து வீடுகளில், சாமியார் மடத்தில் குடித்தது என்று எல்லாவற்றையும் நாக்கு ஒரு சுற்று தேடி வந்து, இதைப் போல ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டது. அவன் கை. அவன் கைக்கு இப்படி வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் குடித்துவிட்டு, யார் போட்டது என்று கேட்பார்கள். இவள் சொல்வாள், இதே வெளிச்சத்தோடு. வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"காடி ஆயிருச்சு," என்றார்.

"என்னது?"

"புளிச்சுப் போச்சு. வினிகர். இனி வச்சும் பிரயோசனம் இல்ல. கொட்டிரு."

"முழுசுமா?"

"முழுசும்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்ததைத் தானும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள் என்று இவர் நினைத்தார். குடிக்கவில்லை. இவர் நாக்கு சொன்ன பிறகு தன் நாக்கு எதற்கு என்பது போல டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்தது மெல்ல அணைந்ததை இவர் பார்த்தார். பார்க்க ஒரு நொடி இனித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அப்போ எங் கைதான்," என்றாள்.

"உன் கையா?"

"பெர்க்மான்ஸண்ணனுக்குத் தோள் தூக்க வராதுங்க. மாவு பெசஞ்சு பெசஞ்சு வலது கை மேல போகாது. வந்த மொத நாளே துடுப்பத் தூக்க முடியாம வச்சுட்டாரு. நீங்களோ என்னைத் தொடக் கூடாதுன்னுட்டீங்க. படுத்துக் கெடக்கற மனுசன்கிட்ட எதுக்கு வம்புன்னு, அவரு உக்காந்து சொல்லச் சொல்ல நான்தான் அமுக்கினேன். காலைலயும் நான்தான், சாயங்காலமும் நான்தான். உங்களுக்குக் கேட்டுரப் போகுதுன்னு பயந்து பயந்து." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா வந்திருக்கும்னு நெனச்சேன். பொம்பளை கை பட்டாத் திரிஞ்சுரும்னு நீங்க அப்பவே சொன்னீங்க. சரியாத்தான் இருக்கு."

போய்விட்டாள். சவரிநாதனுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. மகிழ்ச்சி. நெஞ்சு நிறைய, வெட்கங்கெட்ட மகிழ்ச்சி. தோள் தூக்க வராதாம்! மெதுவா மெதுவா என்றது துடுப்புக்கு. கேட்டுரப் போகுது என்றது இதற்கு. கையில் இருந்த வாசனை அவள் சொந்தக் கையின் வாசனை. குற்றம் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாளெல்லாம் சுமந்த மூட்டையை இறக்கியவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிகிறபோதுதான் பின்வாசல் பக்கம் பாத்திரம் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. பெரிய அலுமினியப் பாத்திரம், கனமானது, நிறைந்தது. எங்கே இழுக்கிறாள்? சாக்கடைக்கு. இவர் சொன்னதற்காக. அவள் போட்ட வைனை, இவர் நாக்கு அறிந்த வைன்களிலேயே நல்ல வைனை.

"ஏய், இந்தா, கொட்டாத!" என்று கத்தினார். "நல்லாத்தான் இருக்கு! கொட்டாத!"

இழுபடுகிற சத்தம் நின்றது. "எனக்காகச் சொல்லாதீங்க," என்று அவள் குரல் வந்தது. அழுகை இல்லாத, தட்டையான குரல். "நான் ஒண்ணும் நெனச்சுக்கலை."

"நெசமாத்தான் சொல்றேன்!"

"அண்ணன் நாக்கு மொதல்ல சொன்னதுதான் அமலோற்பவம்," என்றார் பெர்க்மான்ஸ், ஆறுதலாக. "இது உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது. விடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பிறகு அந்தச் சத்தம். கனமான தண்ணீர் வாசற்படியைத் தாண்டி விழுகிற சத்தம், மழைச் சத்தத்தைவிடத் தடித்தது. பொய்யைக் கேட்டதும் நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் இரக்கம் என்கிறார்கள். சவரிநாதன் கட்டிலை விட்டுக் காலைத் தொங்கப்போட்டார். சுவரோரம் வாக்கர் நின்றது. நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அறைக்குள்ளேயே நாலடி நடந்துவிட்டுப் போதும் என்று விழுந்துவிடுகிறவர். இப்போது வாக்கரைப் பிடித்து எழுந்தார். தொடைக்குள் கம்பி தனியாக ஒரு ஆள் மாதிரி முரண்டு பிடித்தது. நிலைப்படி. நிலைப்படியில் வாக்கரைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கினார். கண் இருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிச்சம் திரும்பி வரும்வரை நின்றார். தாண்டினார்.

சமையலறையை எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கிறார். காது வரைந்து வைத்திருந்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெர்க்மான்ஸ் அடுப்புக்கு எதிர் மூலையில், ஜாடிக்கு எட்டாத தூரத்தில், ஸ்டூலில் வலது கையை மடியில் ஒரு பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்ததைவிடக் கிழவராக இருந்தார். பின்வாசலில் அமலோற்பவம் குனிந்து பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கை சிவப்பேறியிருந்தது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து சாக்கடை இளஞ்சிவப்பாக ஓடியது.

"அய்யய்யோ!" பாத்திரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தாள். "விழுந்து வைக்கப் போறீங்க!"

"கிட்ட வராத. நிக்கறேன்ல." மூச்சு வாங்கியது. "நான் பொய் சொன்னேன். வைன் நல்லா இருக்கு. வேணும்னேதான் கொட்டச் சொன்னேன்."

"எதுக்கு?"

இவர் கண் தானாகப் பெர்க்மான்ஸ் பக்கம் போய்விட்டது. அவ்வளவு போதும். பெர்க்மான்ஸுக்குக் காது மடல் சிவந்தது. மெல்ல எழுந்து, "நான் கெளம்பறேன்," என்றார்.

"உக்காருங்க," என்றாள் அமலோற்பவம், அவரைப் பார்க்காமலே. அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று சவரிநாதன் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது. ஏன் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழத்திலிருந்து இன்றுவரைக்கும் எல்லாம் அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்தேதான் இத்தனை காலமும் சோறு போட்டிருக்கிறாள்.

"எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

"நல்லா இருக்கு."

"அது யாரும் சொல்லுவாங்க. நாக்குல என்ன பட்டுச்சுன்னு சொல்லுங்க."

"இனிப்பு இருக்கு. தோல் புளிப்பு அளவா இருக்கு." வாக்கரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "கசப்பு இல்ல. நான் போட்டா அடில ஒரு கசப்பு வரும்."

"வரும்," என்றாள். "வருசா வருசம் வரும்."

"ஒரு தடவகூட நீ சொன்னதில்லையே?"

"நீங்க கேட்டதில்லையே."

சவரிநாதனுக்கு இனிச் சொல்லாமல் போக வழி இல்லை. "இது என்னோடதவிட நல்லா இருக்கு," என்றார். சொன்னதும், கொஞ்சம் முன்னால் இறங்கிய அந்த மூட்டை மறு தோளில் ஏறியது தெரிந்தது. பெர்க்மான்ஸ் இப்போது ஒரு பொருட்டே இல்லை. தம் கையை மிஞ்சிய அவளுடைய அந்தச் சிவந்த கையைப் பார்க்கும்போது உள்ளே ஒன்று நமநமவென்றது.

அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. ஜாடியில் இன்னும் வடிக்காத சக்கை கிடந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டாள், கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. அவராக உட்கார்ந்தார். துணியை விரித்து, ஒரு முனையைப் பெர்க்மான்ஸின் இடது கையில் கொடுத்தாள், எதிர்முனையை இவர் கையில் கொடுத்தாள்.

"கெட்டியாப் புடிங்க. முறுக்கிப் பிழிஞ்சீங்கன்னா கொட்டையோட கசப்பு எறங்கிரும். தானா வடியட்டும்."

முறுக்கித்தான் பிழிவார், எப்போதும், கடைசிச் சொட்டு வரைக்கும். அவள் ஜாடிக்குள் கையை விட்டுச் சக்கையை அள்ளித் துணியில் போட்டாள். கனம் இறங்கியது. எதிரே பெர்க்மான்ஸ் துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சொட்டு விழ நேரமாயிற்று. சவரிநாதனின் விரல்கள் முறுக்கச் சொல்லிப் பரபரத்தன. துணியை இறுகப் பிடித்துக்கொண்டு, சொட்டு விழுகிறதா என்று மற்ற இருவரோடு அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.